கேஸ்கட் இல்லாத கடை

1

வழக்கமாகக் கதையைப் படித்துவிட்டுத்தான் ஓவியர் படம் போடுவார். இந்தக் கதைக்குப் படம் முதலில் வந்துவிட்டது. இதழ் அச்சுக்குப் போகிற அவசரத்தில் ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "சுழற்காற்றுப் படம் ஒண்ணு ரெடியா இருக்கு. பிரமாதமா வந்திருக்கு. அதுக்கு ஒரு கதை வேணும்." பட்டனைக் கையில் கொடுத்துச் சட்டை தைக்கச் சொல்கிறார். தைக்கத் தெரிந்தவனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் என்ன? சரி என்றேன்.

படத்தில் மேகத்திலிருந்து தரைவரைக்கும் தும்பிக்கை போல ஒரு கறுப்புச் சுழல். அதன் அடியில் கூரை பறிபோன ஒரு சின்னக் கடை. வாசலில் ஒரு ஆள், ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான்.

எழுத ஆரம்பித்தேன். 'அன்று மாலை, ஊரையே விழுங்கக் கிளம்பியது அந்தச் சுழல்.'

நன்றாகத்தான் இருந்தது. சத்தமாகப் படித்தும் பார்த்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. கூரை போனாலே அது சுழற்காற்றுதானா? விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். இல்லையாம். சுழலவே சுழலாமல் நேராகப் பாய்கிற காற்றும் கூரையைப் பிய்க்கும், மரத்தைச் சாய்க்கும், லாரியைக் கவிழ்க்கும். சொல்லப்போனால் அப்படிப்பட்ட காற்றுதான் அடிக்கடி வருமாம். அதைப் படம் போடுவதுதான் கஷ்டம். நேராக வருகிற காற்றை எப்படி வரைவது?

ஆகவே அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். படத்திலிருந்து சுழலையும் எடுத்துவிட்டேன். கடையையும் கையைத் தூக்கிய ஆளையும் மட்டும் வைத்துக்கொண்டேன். ஆசிரியருக்கு இது இன்னும் தெரியாது. இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.

2

இரண்டாவது தொடக்கம்: 'காற்று அடித்த மறுநாள் காலை அண்ணி அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது முதலில் பார்த்தது கொழுந்தனை அல்ல, மரங்களை.'

இது நிற்கட்டும்.

அண்ணி வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பலத்த காற்று அடித்த இடத்துக்குப் போய், விழுந்ததையும் பறந்ததையும் பார்த்து, வந்து போனது எந்த வகைக் காற்று என்று சொல்வது அவள் வேலை. அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் கொழுந்தன் அண்ணி என்றுதான் கூப்பிடுவான், நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கொழுந்தனுக்குத் தெரு வைத்த பெயர் விசில். பிரஷர் குக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். விசில் வரவில்லை என்று கொண்டுவருபவர்களுக்கு வரவைத்தும், விசில் நிற்கவில்லை என்று கொண்டுவருபவர்களுக்கு நிறுத்தியும் பிழைக்கிறவன். கடைக்கு மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே தகரம், முன்பக்கம் முழுக்க ஒரே இரும்பு ஷட்டர். தகரம் இப்போது பின்வீடு, அதற்கும் பின்வீடு எல்லாம் தாண்டி ஒரு காலி மனையில் கிடந்தது.

அண்ணி திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவை ஒரு முறை நடந்தாள். மரங்கள் எல்லாம் கிழக்கே தலைவைத்துப் படுத்திருந்தன. விளம்பரப் பலகை கிழக்கே போயிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடி, யார் வீட்டுத் துணியோ, விசில் கடைத் தகரம், எல்லாம் கிழக்கே. சுழற்காற்று என்றால் குறுகலான ஒரு பாதை இருக்கும். அதற்குள் ஒரு மரம் இப்படியும் அடுத்த மரம் அப்படியுமாக, குறுக்கும் நெடுக்கும் விழுந்து கிடக்கும். இங்கே எல்லாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் போல வரிசை கலையாமல் கிடந்தன. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி, பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் எப்படிப் பாயுமோ அப்படி.

"டொர்னாடோதானே மேடம்?" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் முந்திக்கொண்டார்.

"இல்லீங்க. நேரா வந்த காத்து. சுத்தல."

கூடியிருந்தவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. பரீட்சையில் முதல் வகுப்பு என்று சொல்லிவிட்டு, இல்லை, மார்க்கைக் கூட்டியதில் தப்பு என்று சொன்னால் வரும் முகம்.

"வெறும் காத்தா?"

"வெறும் காத்துன்னு நான் சொல்லலியே. சின்ன டொர்னாடோவைவிட இது பலமாவே அடிச்சிருக்கலாம்."

"ரயில் வர்ற சத்தம் கேட்டுச்சே. டொர்னாடோவுக்குத்தானே ரயில் சத்தம்?"

"பலமா அடிக்கிற எந்தக் காத்துக்கும் அந்தச் சத்தம் வரும்."

"மேகத்துலேருந்து வால் தொங்குச்சு மேடம். என் கண்ணால பாத்தேன்."

"அது சுத்துச்சா?"

தையல்காரர் யோசித்தார். "நின்னு பாத்திருந்தா சொல்லலாம். நான் எங்க நின்னேன்?"

"ஷட்டரை இழுத்து மூடிட்டு மேஜைக்கு அடியில பூந்துட்டாரு" என்றாள் அவர் மனைவி. "கத்தரிக்கோலைக்கூடக் கீழ வைக்கல."

தெரு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் விசில் வந்தான். சிரித்தவர்கள் அவனுக்கு வழிவிட்டு நகர்ந்தார்கள். "வாங்க, வாங்க" என்று தையல்காரரே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணி, அவங்களுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன், கேளுங்க" என்று விசில் உட்கார்ந்தான். "காது அடைச்சுது. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. குக்கர்ல வெயிட் அடைச்சா என்ன ஆகும்? சேஃப்டி வால்வு போகும். அதுவும் அடைச்சா மூடி போகும். கட்டடமும் அதேதான். வெளிய டொர்னாடோ காத்தை உறிஞ்சுது, உள்ள பிரஷர் ஏறுது. வழி விடலேன்னா சுவரோட வெடிக்கும். ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினேன். கூரை மட்டும் போச்சு. ஆளுங்க தப்பிச்சோம்."

அவன் மனைவி, அண்ணிக்கு ஓரகத்தி, கடைக்குள்ளிருந்து வந்தாள். இடது கை மாவுக்கட்டில் இருந்தது. கூரை போனபோது அதைத் தாங்கிய இரும்புக் குழாய் ஒன்று அவள் மேல் விழுந்திருக்கிறது.

"இவர் மட்டும் ஷட்டரைத் தூக்கலேன்னா அக்கா, நீங்க இன்னைக்கு மரம் பாக்க வந்திருக்க மாட்டீங்க. எங்களுக்கு மாலை போட வந்திருப்பீங்க."

அண்ணி தையல்காரர் கடையைப் பார்த்தாள். அதே செங்கல், அதே தகரம், அதே கொத்தனார் கட்டியது, அதே மேற்கே பார்த்த ஷட்டர். ஷட்டர் மூடியிருந்தது. கூரை இருந்த இடத்தில் இருந்தது.

"தம்பி," என்று ஆரம்பித்தாள், "அது வந்து..."

[இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்க விடாமல் நான்தான் தலைமையாசிரியையை அனுப்பினேன். கொஞ்சம் பழைய உத்திதான். வேலை செய்கிறது.]

தெருக்கோடிப் பள்ளியின் தலைமையாசிரியை நேராக விசிலிடம் வந்து கும்பிட்டார். "சார், வர்ற வெள்ளிக்கிழமை எங்க பிள்ளைங்ககிட்ட நீங்க பேசணும். இந்த வாரம் இன்னும் இடிமழை இருக்குங்கறாங்க. காத்து வந்தா எல்லாப் பிள்ளைங்களையும் கூடத்துக்குக் கூட்டிட்டு வந்து, நீங்க செஞ்ச மாதிரியே ஜன்னல் மொத்தத்தையும் திறந்துடறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். ஏன் திறக்கணும்னு நீங்க சொன்னா அவங்களுக்கு நல்லா பதியும்."

விசில் எழுந்து நின்றான். அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

"மேடம், ஜன்னலைத் திறக்கக் கூடாது" என்றாள் அண்ணி. "மூடிட்டு, ஜன்னல் இல்லாத உள்ரூம்ல கீழ உக்காரவைக்கணும். டொர்னாடோவா இருந்தாலும் அப்படித்தான், இந்தக் காத்தா இருந்தாலும் அப்படித்தான்."

தலைமையாசிரியை பொறுமையாகச் சிரித்தார். "நீங்க ஆபீஸ்ல உக்காந்து சொல்றீங்க. இவர் நேர்ல செஞ்சவர். சொந்தக்காரங்களுக்கு இவர் அருமை தெரியாதுங்க."

3

அண்ணியின் அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு ஒரு அறிவுரை அனுப்பினால் முடிந்ததே என்று கேட்பீர்கள். அனுப்பினாள். அறிவிப்புப் பலகையில் அழகாக ஒட்டினார்கள். பலகைக்குப் பக்கத்து ஜன்னலில் கொக்கி சுலபமாகக் கழலுகிறதா என்று பியூன் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியையை முட்டாளாக எழுதுவது எனக்குச் சுலபம். ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பிரம்பு, நாலு அதட்டல் போதும். ஆனால் அவர் முட்டாள் இல்லை. பிள்ளைகள் மேல் உயிர். ஆபத்து வரும்போது கை எதையாவது செய்யத் துடிக்கும். 'ஓடிப்போய்த் திற' என்றால் அது செயல். 'மூடிவிட்டுக் குனிந்து உட்கார்' என்றால் அது ஒன்றும் செய்யாதது போலத் தோன்றும். ஷட்டரைத் திறந்தவன் கதாநாயகன், மேஜைக்கு அடியில் புகுந்தவர் கோமாளி. தெரு அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. உண்மையைச் சொல்லுங்கள், போன பகுதியில் தையல்காரரைப் பார்த்து நீங்களும் சிரித்தீர்கள்தானே?*

* எழுதும்போது நானும் சிரித்தேன்.

ஆக, நிலைமை இதுதான். விசில் சொன்னால்தான் பள்ளி கேட்கும். ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், திறக்கச் சொல்வதற்காக மைக் கொடுக்கப்பட்டவன்.

4

மறுநாள் பகலில் அண்ணி கடைக்குப் போனாள். தார்ப்பாய் கட்டிய நிழலில் விசில் ஒரு குக்கரை மடியில் வைத்துக் கைப்பிடிக்குத் திருகு ஏற்றிக்கொண்டிருந்தான். ஓரகத்தி மருத்துவமனைக்குப் போயிருந்தாள்.

[இங்கே அண்ணி வானிலை பற்றி ஒரு பெரிய விளக்கம் கொடுப்பதாக முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துவிட்டேன். கொழுந்தனிடம் பேசுகிறவள் கொழுந்தன் பாஷையில்தானே பேசுவாள்?]

"தம்பி, கேஸ்கட் போடாம அடுப்புல ஏத்தினா குக்கர் வெடிக்குமா?"

"கேஸ்கட் இல்லாம எப்படி அண்ணி வெடிக்கும்? பிரஷரே ஏறாது. ஓரமெல்லாம் புஸ்ஸுன்னு போயிடும்."

"உன் கடைக்குக் கேஸ்கட் எங்க இருந்துச்சு?"

விசில் சிரித்தான். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து சுவரின் மேல்விளிம்பைப் பார்த்தான். தகரம் உட்கார்ந்திருந்த இடம் அது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை நுழையும் அளவு சந்து இருந்தது, அதன் வழியாகச் சாரல் அடிக்கிறது என்று கொத்தனாரிடம் சண்டை போட்டவனே அவன்தான். ஷட்டருக்கு அடியில் எலி வந்து போகும். சிரிப்பு மெதுவாக நின்றது.

"அப்ப பிரஷர் ஏறியே இருக்காது."

"ஏறியிருக்காது. நிஜ டொர்னாடோவே வந்திருந்தாலும் அப்படித்தான். எந்த வீடும் குக்கர் மாதிரி இறுக்கமா இல்ல. காத்து அதுவா சந்து பொந்துல போயிடும்."

"காது அடைச்சுதே அண்ணி?"

"அடைச்சிருக்கலாம். காது அடைச்சா சுவர் வெடிக்குமா? மலைமேல பஸ்ல போனாலும்தான் அடைக்குது." அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "ஷட்டர் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"மேக்கே."

"காத்து எங்கேருந்து வந்துச்சு?"

எதிரே விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்தான். வேர் மேற்கே, தலை கிழக்கே. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"அப்ப நான் பிரஷரை வெளிய விடல" என்றான். "உள்ள விட்டிருக்கேன்."

"மேல ஓடற காத்து கூரையை மேல இழுக்கும். அதுக்குக் கூரை தாங்கிச்சு. உள்ள பூந்த காத்து கீழேருந்து தள்ளுச்சு. ரெண்டும் சேந்தா எந்தத் தகரம் நிக்கும்?"

"தையல்காரர் கடை நின்னுச்சு."

"அவர் மூடியிருந்தாரு."

"அவர் பயத்துல மூடினாரு அண்ணி."

"பயத்துல சரியாத்தான் செஞ்சாரு."

[விசில் இங்கே அழுவதாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அவன் குக்கரை எடுத்து மூடியைப் போட்டு, திறந்து, மறுபடி போட்டு, திறந்துகொண்டிருந்தான். அதுவே போதும்.]

"அவ கை," என்றான். பிறகு, "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

"நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா வெள்ளிக்கிழமை நீ சொல்லணும்."

"என்னன்னு? கூப்பிட்டு மைக் குடுக்கறாங்க. என் பொண்டாட்டி கையை நானே உடைச்சேன்னு சொல்லவா?"

"ஆமா."

அண்ணி கல்மனசுக்காரி இல்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

"அவளும் முன்வரிசையில உக்காந்திருப்பா அண்ணி."

"தெரியும். நான் சொன்னா அது நோட்டீஸ் போர்டு. நீ சொன்னாத்தான் அந்தம்மா ஜன்னலை மூடுவாங்க. நீ சொல்லலேன்னா நான் எழுந்து சொல்லுவேன் தம்பி. எனக்கு வேற வழி இல்ல. ஆனா அவங்க நம்பறாங்களோ இல்லையோ, உன் மானம் போயிடும்."

5

இப்போது ஓரகத்தி. இவளிடம்தான் நான் சறுக்கினேன். முதல் பிரதியில் அவள் கணவனை மெச்சிக்கொண்டே இருக்கிற ஒரு வெள்ளந்தி. கதைக்கு வசதியானவள். ஆனால் எழுத எழுத உறுத்தியது. கூரை போகும்போது அவள் அங்கேயேதானே நின்றாள்? அவளுக்கும் கண் இருக்கிறதே?

ஆகவே வியாழக்கிழமை சாயங்காலத்தைத் திருப்பி எழுதினேன். ஒரு கையால் பின்னிக்கொள்ள முடியாது என்பதால் அண்ணி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டாதே. வகிடு கோணுது."

"அக்கா, அவர் சரியா சாப்பிடறதில்ல. நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

சீப்பு நின்றது.

"சொல்லியிருந்தா சரிதான்" என்றாள் ஓரகத்தி, திரும்பாமல். "எனக்குத் தெரியும்க்கா. அவர் ஷட்டரைத் தூக்கற வரைக்கும் கூரை சத்தம்தான் போட்டுச்சு. அசையல. இடுப்பு உயரம் தூக்கினாரு, காத்து என்னைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துச்சு. அதுக்கப்பறம்தான் கூரை எழும்புச்சு."

"பின்ன ஏண்டி ஊரெல்லாம் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியற?"

"நான் கல்யாணமாகி வந்த நாளா இந்தத் தெருவுல 'ஏய் விசில்'தான். சின்னப் பிள்ளைங்ககூட. இப்ப வாங்கன்னு நாற்காலி போடறாங்க. அவர் உக்காரவே கூச்சப்படறாரு, பாத்தீங்களா? கை சேந்துடும். இது போனா மறுபடி வருமா?"

அண்ணி பின்னலை முடித்து ரப்பர் போட்டாள். "பள்ளிக்கூடத்துல ஜன்னலைத் திறக்கப் போறாங்கடி."

ஓரகத்தி மாவுக்கட்டைத் தடவினாள். "அதுதான் எனக்கும் நெஞ்சை அடைக்குது" என்றாள். பிறகு, "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு" என்றாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே விஷயத்தை, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், அண்ணியிடம் கொடுத்துவைத்துவிட்டார்கள். இரண்டையும் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அவள் கணவன், விசிலின் அண்ணன், என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "உங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் வாயைத் திறக்கத் தெரியல, ஷட்டரை மட்டும் நல்லா திறக்கறீங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

6

ஆசிரியர் கூப்பிட்டார். "சுழல் எங்கய்யா?" என்று ஆரம்பித்து, கொஞ்சம் சூடாகப் பேசி, கடைசியில் இறங்கிவந்தார். "சரி, முடிவுலயாவது ஒரு காத்து வரட்டும். அவன் பேசிக்கிட்டிருக்கும்போதே வானம் கறுக்கட்டும், ஜன்னல் படபடன்னு அடிச்சுக்கட்டும். ஜனங்க உறைஞ்சுபோவாங்க."

முதல் முடிவு, ஆசிரியர் உபயம்: விசில் பேசுகிறான், காற்று வருகிறது, கண்ணாடிகள் நொறுங்குகின்றன, எல்லோருக்கும் புத்தி வருகி—

முடியாது. ஒரு கருத்தை நிரூபிப்பதற்காகப் பிள்ளைகள் மேல் கண்ணாடியைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. தவிர, காற்று நம் வசதிக்கு வருவதில்லை. நாம் மறந்துபோன ஒரு சாதாரண நாளில்தான் வரும்.

இரண்டாவது முடிவு: விசில் உண்மையைச் சொல்கிறான். கூடம் அமைதியாகிறது. ஒரு கை தட்டுகிறது, பிறகு எல்லாக் கைகளும். மனைவி கண்ணீரோடு மேடையேறி—

ஒரு கையில் மாவுக்கட்டோடு எப்படிக் கைதட்டுவாள் என்று யோசித்தபோதே இது பொய் என்று தெரிந்துவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டவனுக்கு ஊர் கைதட்டலாம். மறுநாள் நாற்காலி போடுமா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது: விசில் உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமலே—

இல்லை. வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு, எனக்கு முன்னாலேயே பள்ளிக்கூட வாசலில் நிற்கிறான். வாருங்கள், போவோம்.

7

கூடத்தின் மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல். நல்ல வெளிச்சம். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் போட்ட நாற்காலிகளில் ஓரகத்தி, அவளுக்குப் பக்கத்தில் தையல்காரரும் அவர் மனைவியும். அண்ணி வேண்டுமென்றே ஓரத்து நாற்காலியைப் பிடித்திருந்தாள். எழுந்தால் யாருடைய காலையும் தாண்ட வேண்டியதில்லை.

"துணிச்சலோட ஷட்டரைத் திறந்து, தன் குடும்பத்தைக் காப்பாத்தினவர் இப்ப நம்மகிட்ட பேசுவார்" என்று தலைமையாசிரியை மைக்கைக் கொடுத்தார். பிள்ளைகள் தட்டினார்கள். விசில் மைக்கை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பிள்ளைங்களா" என்றான். "குக்கர் எல்லார் வீட்டுலயும் இருக்கும்ல?"

"இருக்கு" என்றது கூடம்.

"குக்கர் வேற, வீடு வேற" என்றான்.

அண்ணி நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். தலைமையாசிரியை புரியாமல் புன்னகைத்தார். விசில் முன்வரிசையைப் பார்த்தான். மாவுக்கட்டைப் பார்த்தான்.

"அன்னைக்குக் காத்து அடிச்சப்ப நான் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினேன். தூக்கினதும்..."

நின்றுவிட்டான்.

கூடம் காத்திருந்தது. கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். அண்ணி நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றினாள், எழுந்திருக்க. அதற்குள் ஓரகத்தி, கணவனை நேராகப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "சொல்லுங்க" என்றாள்.

அவள் எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். முடிவு எழுத வராமல் இல்லை, வாரா வாரம் முடிவு எழுதிப் பழகியவன் நான். ஆனால் இந்த வாக்கியத்தை நான் முடித்தால் அது கதையாகப் போய்விடும், நீங்களும் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே 'தூக்கினதும்' என்பதற்கு அடுத்த சொல்லை நீங்கள் வையுங்கள். விசில் உங்கள் சொல்லைத் தட்ட மாட்டான். எதைக் கொடுத்தாலும் அப்படியே மைக்கில் சொல்லிவிடுவான்.

கொஞ்சம் சீக்கிரம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.